காலி

அல் அயினில், ஒட்டகச் சந்தைக்குத் திரும்பும் சாலையில்
எங்கள் கடை.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே இருபத்திரண்டில்
கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கின்றன கைத்துப்பாக்கிகள்.
அதே குளிர்தான் எனக்கும்,
பகலில் மட்டும்.

ஹம்தா வந்தது ஒரு செவ்வாய் மதியம்.
பள்ளியில் கணக்கு டீச்சராம்.
உரிமத் தாளை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு
ஹால் டிக்கெட் மாதிரிப் பிடித்திருந்தாள்.
முதல் தடவை என்றாள்.
சொல்லாமலே தெரிந்தது;
சின்னதைக் காட்டி விலை கேட்டாளே.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சின்னதைத்தான் கேட்பார்கள்.
சின்னது சாது என்று ஒரு நம்பிக்கை.
இல்லை மேடம்,
எடை குறைந்தது கையைத்தான் அடிக்கும்.
கனமானது
தன் கோபத்தில் பாதியைத் தானே விழுங்கிக்கொள்ளும்.
(என் முதலாளி ஐந்தடி இரண்டு அங்குலம்.
இதற்குமேல் சொல்ல மாட்டேன்.)

கையைக் காட்டுங்கள் என்றேன்.
மேசைமேல் விரித்து வைத்தாள்,
சுட்டுவிரலில் பச்சை மார்க்கர் மை.
நான் தொடுவதில்லை.
பதினோரு வருடமாகக் கண்ணால்தான் அளக்கிறேன்.
விரலின் நுனிச் சதை
எக்காமல் மடங்காமல்
விசையில் வந்து உட்கார வேண்டும்.
முதலாவது எட்டவில்லை.
இரண்டாவது உள்ளங்கையில் ஆடியது.
மூன்றாவதைப் பிடித்ததும்
அவள் தோள் தானாக இறங்கிற்று.
அதுதான். ஆனால் அதைச் சொல்லிவிடக் கூடாது,
அவளே கண்டுபிடித்ததாக இருக்கட்டும்.

நிறத்துக்கு முன், விலைக்கு முன், ஒன்று உண்டு.
மணல்மூட்டையைப் பார்த்து நீட்டு.
குண்டுக்கூட்டை உருவு.
மேல்தகட்டை இழு, பார்.
பார்த்ததை நம்பாதே,
சுண்டுவிரலை விட்டுத் தடவு.
பிறகு வாய்விட்டுச் சொல்.

காலி, என்றேன்
வாய் தவறி, தமிழில்.
காலி, என்றாள் அவளும்,
தொண்டையில் ஒரு சிட்டிகை மணல் சேர்த்து.
பின்னறையிலிருந்து பெஷாவர் ஸர்வர் எட்டிப் பார்த்து
என்ன காலி என்றான்.
யார் யாரிடம் எப்போது கடன் வாங்கியதோ,
இதுவரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

உங்களிடம் எது இருக்கிறது என்று கேட்டாள்,
மரியாதைக்குத்தான்.
என்னிடம் ஒரு விசா இருக்கிறது.
ஆறு பேர் அறையில் மேல்கட்டில் இருக்கிறது.
ஆயிரம் கைகளுக்குப் பொருத்திப் பார்த்த விரல்
ஒருமுறைகூட வெடிக்க வைத்ததில்லை.
எண்ணெயிலும் கரைப்பானிலும் ரேகை தேய்ந்து
அடையாள அட்டை புதுப்பிக்கப் போனபோது
எந்திரம் மூன்று முறை திருப்பி அனுப்பியது.
நான் இருக்கிறேன் என்று
கவுண்டர்க்காரர் கையால் எழுதிக் கொடுத்தார்.
இதையெல்லாம் எங்கே சொல்ல.
எனக்கு அனுமதி இல்லை மேடம் என்றேன்.

அவள் சட்டென்று
எங்கே வைப்பது என்று கேட்டாள்.
இடுப்பிலா பையிலா என்று கேட்பார்கள், வழக்கமாக.
வீட்டில், என்றாள்.
நாலு வயசு. நாற்காலி போட்டு ஏறுவான்.
குளிர்சாதனப் பெட்டி மேலிருந்து
பேரீச்சம்பழ டப்பாவை எடுத்துவிட்டான் போன வாரம்.

இரும்புப் பெட்டிகளைக் காட்டினேன்.
ஒவ்வொன்றையும் பூட்டினாள், உலுக்கினாள்,
சாவியில்லாமல் திறக்கப் பார்த்தாள்,
ஒரு சின்னப் பையனின் முழுப் பிடிவாதத்தோடு.
தோற்றுப்போன பெட்டியை வாங்கவில்லை.
அவளைத் தோற்கடித்ததை வாங்கினாள்.
துப்பாக்கி பிறகு, என்றாள்.
முதலில் இது அவனிடம் நிற்கிறதா பார்க்கிறேன்.

வித்துச்சா என்றான் ஸர்வர்.
பெட்டி மட்டும்.
காலிப் பெட்டியா?
ஆமாம்.
சிரித்துவிட்டுத் தொழப் போனான்.

மாலையில் வழக்கம்போல்
மெல்லிய துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன்.
வந்தவர்களின் ரேகைகள் போய்விடும்,
என்னுடையது படிவதேயில்லை.
மூன்றாவதை மட்டும் துடைக்கவில்லை.
பிடியில் கொஞ்சம் பச்சை மை இருந்தது.
வியாழன்வரை இருக்கட்டும் என்று
தனியாக எடுத்து வைத்தேன்,
வைப்பதற்கு முன்
சுண்டுவிரலை விட்டுத் தடவி.